துண்டுச் சீட்டை எழுதியது யார்? – கணினிகள் கற்றுக்கொண்ட ஒரு வகுப்பறைத் தந்திரம்



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

பயிற்சிக் கலாசாலை முடித்து முதல் நியமனம் கிடைத்த புதிதில், தரம் 9 வகுப்பில் நாம் ஒரு துண்டுச் சீட்டைப் பிடித்தோம். நம்மைப் பற்றித்தான் எழுதியிருந்தது, அதை விட்டுவிடுவோம். சீட்டு கையில் இருந்த பிள்ளையைக் கேட்டால், "நான் எழுதல்ல சேர், பின்னுக்கு இருந்து தந்தாங்க" என்றான். பின்னால் இருந்தவனைக் கேட்டால், "எனக்கு ஜன்னல் பக்கத்தால வந்த சேர்." ஜன்னல் பக்கத்துப் பிள்ளையும் அதையே சொன்னான். ஏழெட்டுப் பேரை எழுப்பிய பிறகு கதை தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்துவிட்டது. ஒவ்வொருவனும் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். நம்மால் பிரித்தறிய முடியவில்லை. யாரையும் தண்டிக்காமல் பாடத்தைத் தொடர்ந்தோம்.

இந்தத் தந்திரத்தைக் கணினி விஞ்ஞானிகள் ஏறத்தாழ நாற்பது வருடங்களாகக் கணக்குப் போட்டுப் படித்து வருகிறார்கள் என்பது பல காலம் கழித்துத்தான் நமக்குத் தெரிய வந்தது. இன்று அந்த வரலாற்றைத்தான் எழுதப் போகிறோம்.

இது நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு ஞாபகமூட்டல். 2018 மார்ச்சில் திகன பக்கம் எரிந்துகொண்டிருந்தபோது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் தடை செய்யப்பட்டன. 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு மீண்டும் தடை வந்தது. அந்த நாட்களில் நம்மில் எத்தனை பேர் யாரோ சொன்ன இலவச வீ.பி.என். ஒன்றைப் போனில் இறக்கி, உள்ளே புகுந்து சொந்தக்காரர்களைத் தேடினோம்? அந்த வீ.பி.என். யாருடையது, நாம் எங்கே போகிறோம் என்று அது குறித்து வைத்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கும் மனநிலையிலும் நாம் இருக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விதான் இந்த வரலாற்றின் முதல் கேள்வி.

1981ஆம் ஆண்டு பெப்ரவரியில், அப்போது கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த டேவிட் சௌம் என்பவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் கண்ட சிக்கல் இதுதான். கடிதத்தின் உள்ளடக்கத்தை மறைகுறியாக்கம் செய்து மறைத்துவிடலாம். ஆனால் யார் யாருக்கு எழுதினார் என்பதை எப்படி மறைப்பது? உறையின் மேல் விலாசம் இருக்கத்தானே வேண்டும். அவர் சொன்ன வழி, நடுவில் ஒரு கலக்கும் கணினியை வைப்பது. அது பல பேரின் கடிதங்களைச் சேர்த்து வைத்து, ஒவ்வொன்றிலும் ஓர் உறையைக் கழற்றி, வரிசையைக் குலைத்து, மொத்தமாக வெளியே அனுப்பும். உள்ளே போனதில் எது வெளியே வந்ததில் எது என்று பார்த்துக்கொண்டிருப்பவனுக்குத் தெரியாது. ஒரு கலக்கும் கணினி துரோகம் செய்யலாம் என்பதால் பலவற்றை வரிசையாக வைக்கச் சொன்னார். உறைக்குள் உறை, அதற்குள் இன்னோர் உறை. எல்லோரும் சேர்ந்து துரோகம் செய்தால் ஒழிய இரகசியம் உடையாது.

இணையம் பொதுமக்களிடம் வராத காலத்தில் எழுதப்பட்ட கட்டுரை அது. மக்களிடம் இணையம் வந்தபோது முதலில் பிரபலமானது சௌமின் முறை அல்ல, அதைவிடச் சுலபமான ஒன்று. 1993இல் பின்லாந்தைச் சேர்ந்த ஜொஹான் ஹெல்சிங்கியஸ் என்பவர் ஒரு கணினியை வைத்து ஒரு சேவையைத் தொடங்கினார். உங்கள் மின்னஞ்சலை அதற்கு அனுப்பினால், பெயரைக் கழற்றி ஓர் இலக்கத்தைப் போட்டு உரியவருக்கு அனுப்பிவிடும். பதில் வந்தால் உங்களிடம் திருப்பித் தரும். உலகமெங்கும் இலட்சக்கணக்கானோர் பாவித்தார்கள். வீட்டில் அடி வாங்கும் பெண், சொல்ல முடியாத நோய் உள்ளவர், மேலதிகாரியின் ஊழலை அறிந்த எழுதுவினைஞர் என்று யாரும் அங்கே பெயரில்லாமல் பேச முடிந்தது.

ஆனால் பதிலைத் திருப்பித் தர வேண்டுமானால் எந்த இலக்கம் எந்த மனிதர் என்ற பட்டியல் அந்த ஒரே கணினியில் இருக்க வேண்டும். 1995இல் சயன்டோலொஜி அமைப்பினர் முறைப்பாடு செய்ய, பின்லாந்துப் பொலிஸார் வந்து ஒரு பாவனையாளரின் விலாசத்தைக் கேட்டார்கள். முழுப் பட்டியலையும் எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் அந்த ஒருவரின் விபரத்தை ஹெல்சிங்கியஸ் கொடுக்க நேர்ந்தது. 1996 ஓகஸ்டில் சேவையையே மூடிவிட்டார். நல்ல மனிதர். ஆனாலும் பட்டியல் என்று ஒன்று இருந்தால் அதைக் கேட்டு யாரோ ஒருவர் வரத்தான் செய்வார். நாம் 2018இல் இறக்கிய வீ.பி.என்.களும் இதே அமைப்புத்தான். நடுவில் ஒரே ஒருவர், அவருக்கு எல்லாம் தெரியும்.

அதே காலத்தில் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுகூடத்தில் மூவர் சௌமின் உறைக்குள் உறை யோசனையை வெங்காயத் தோல் என்று பெயர் மாற்றி வேகமான இணையத்துக்கு ஏற்றபடி செய்துகொண்டிருந்தார்கள். அதுதான் பின்னர் டோர் ஆனது. அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுவோம். இன்று நமது கதை துண்டுச் சீட்டு வழியில் போனவர்களைப் பற்றியது.

1998இல் அமெரிக்காவின் ஏ.டி. அன்ட் டி. ஆய்வுகூடத்தைச் சேர்ந்த மைக்கல் ரைட்டர், அவியெல் ரூபின் இருவரும் 'க்ரவுட்ஸ்' என்ற ஒரு முறையை வெளியிட்டார்கள். பெயரின் பொருள் கூட்டம். கூட்டத்துக்குள் நின்றால் ஆளை அடையாளம் காண முடியாது என்பதுதான் யோசனை. இங்கே நடுவில் யாரும் இல்லை. பாவனையாளர்களின் கணினிகளே ஒன்றுக்கொன்று உதவுகின்றன. நான் ஓர் இணையத்தளத்தைப் பார்க்க வேண்டும் என்றால், என் கோரிக்கையைக் கூட்டத்தில் யாரோ ஒருவருக்கு அனுப்புகிறேன். அவர் ஒரு காசைச் சுண்டிப் பார்க்கிறார். ஒரு பக்கம் விழுந்தால் இன்னொருவருக்குக் கடத்துகிறார், மறுபக்கம் விழுந்தால் தானே தளத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். காசு சமமான காசு அல்ல, கடத்தும் பக்கமே கூடுதலாக விழும்படி செய்த காசு. தளத்துக்கு கடைசி ஆளை மட்டுந்தான் தெரியும். நடுவில் இருப்பவருக்குத் தனக்குத் தந்தவரை மட்டுந்தான் தெரியும். தந்தவர் எழுதினவரா, கடத்தினவரா?

இவர்களுடைய கட்டுரையில் நமக்கு மிகவும் பிடித்த பகுதி, 'நிரபராதியாக இருக்கும் வாய்ப்பு' என்ற ஓர் அளவுகோல். முழுமையான மறைவு எங்களால் தர முடியாது என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். ஆனால் ஒற்றன் ஒருவன் "இவன்தான் எழுதினான்" என்று கை நீட்டினால், அது சரியாக இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

நமது வகுப்பையே எடுத்துக்கொள்வோம். 40 பிள்ளைகள். ஒவ்வொருவரும் நான்கில் மூன்று தடவை சீட்டைக் கடத்துவார்கள், ஒரு தடவை உரியவரிடம் கொடுத்துவிடுவார்கள். அந்த 40 பேரில் 12 பேர் ஆசிரியரின் ஒற்றர்கள் என்று வையுங்கள். சீட்டை முதலில் பெறும் ஒற்றன், தனக்குத் தந்தவனைக் காட்டிக்கொடுக்கிறான். ரைட்டர், ரூபின் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், அவன் காட்டியவனே எழுதியவன் என்பதற்கு வாய்ப்பு 49 வீதம் சொச்சம். மயிரிழையில் பாதிக்குக் கீழே. ஒற்றர்கள் 13 ஆனால் பாதியைத் தாண்டிவிடும். கணிதம் படிக்கும் உயர் தரப் பிள்ளைகள் நிகழ்தகவுப் பாடத்தில் செய்து பார்க்கலாம், அழகான கணக்கு.

பாதிக்குப் பாதி சந்தேகத்தில் ஒரு மனிதனைத் தண்டிக்க முடியாது. அதனால்தான் அந்தப் பெயரை வைத்தார்கள்.

ஆனால் ஒரு நாள் சீட்டுக்குத்தான் இந்தக் கணக்கு. அதே கையெழுத்தில் தினமும் ஒரு சீட்டு, தினமும் புதுப் பாதையில் வந்தால்? ஒற்றன் ஒரு கொப்பியில் ஒவ்வொரு நாளும் தனக்குத் தந்தவனின் பெயரை எழுதி வைக்கிறான். கடத்துபவர்கள் மாறி மாறி வருவார்கள். எழுதுபவன் மட்டும் மற்றவர்களைவிட அடிக்கடி அந்தப் பட்டியலில் இடம்பிடிப்பான். 2002இல் மத்தியூ ரைட், பிரையன் லெவின் உள்ளிட்ட நால்வர் இந்தப் பலவீனத்தைப் பல முறைகளுக்கும் பொதுவாகக் கணக்கிட்டுக் காட்டினார்கள். இந்த இரண்டு பெயர்களையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவார்கள்.

இதற்கிடையில் பாட்டுக் கோப்புகளின் யுத்தம் தொடங்கிவிட்டது. 1999இல் வந்த நெப்ஸ்டரில் பாட்டுகள் பாவனையாளர்களின் கணினிகளில் இருந்தன, ஆனால் யாரிடம் என்ன இருக்கிறது என்ற பட்டியல் நிறுவனத்தின் சேவையகத்தில் இருந்தது. நீதிமன்றம் தலையிட, 2001இல் அது நின்றது. மீண்டும் அதே பட்டியல் பிரச்சினை. 2000 மார்ச்சில் வந்த நுட்டெல்லாவில் பட்டியலே இல்லை. கோரிக்கையை எல்லா அயல் கணினிக்கும் அனுப்பு, அவர்கள் தங்கள் அயலுக்கு அனுப்பட்டும் என்பதுதான் முறை. சாதாரணமாக ஏழு கை மாறிய பின் கோரிக்கை செத்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை. கோரிக்கையோடு "இதுவரை எத்தனை கை மாறியது" என்ற எண்ணும் சேர்ந்தே பயணித்தது. பூச்சியம் என்று எழுதி உங்களிடம் வந்தால், அனுப்பிய அயலவர்தான் கேட்டவர். சீட்டின் மூலையில் "இது எனது முதல் பயணம்" என்று எழுதி அனுப்பியது போல! அதற்கு மேல், கோப்பை இறக்கும்போது இரண்டு கணினிகளும் நேரடியாகவே பேசிக்கொண்டன. தலைவன் இல்லாத வலையமைப்பு என்றால் அநாமதேயமானது என்று பலர் நினைத்தார்கள். இன்றும் நமது இளைஞர்கள் டொரன்ட் பற்றி அப்படி நினைப்பதைக் காண்கிறோம். இரண்டும் வேறு வேறு விடயங்கள்.

2003 செப்டெம்பரில் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் 261 பேர் மீது வழக்குப் போட்டது. ஐ.பி. முகவரியைப் பார்த்து, இணையச் சேவை நிறுவனத்திடம் பெயரைப் பெற்று, வீட்டுக்குக் கடிதம் அனுப்பினார்கள். நியூயோர்க்கில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி மாட்டினாள், தாய் 2000 டொலர் கட்டி விடயத்தை முடித்தார். மசசூசெட்ஸில் 66 வயதான ஒரு பெண்மணி, 'கசா' என்ற மென்பொருள் மூலம் ரெப் பாட்டுகளைப் பகிர்ந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டார். அவருடைய வீட்டில் இருந்தது மெக்கின்டொஷ் கணினி. அதில் கசா ஓடவே ஓடாது. வழக்கை மீளப் பெற்றுக்கொண்டார்கள். அந்தப் பெண்மணிக்குக் கேட்டவுடன் காட்ட ஒரு சான்று வீட்டில் இருந்தது. அப்படி ஒன்று இல்லாமல் பணத்தைக் கட்டியவர்கள் எத்தனை பேரோ.

இனி ஃப்ரீநெட். அயர்லாந்தைச் சேர்ந்த இயன் கிளார்க் என்ற மாணவர், 1999இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தனது பட்டப்படிப்புக்காக எழுதிய செயற்திட்ட அறிக்கையில் இருந்து பிறந்தது இது. அடுத்த வருடம் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு விரிவான கட்டுரையாக்கினார். நுட்டெல்லா போல எல்லோரிடமும் கத்திக் கேட்பதில்லை. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சாவி எண். கோரிக்கை அந்தச் சாவிக்கு மிக நெருக்கமான பொருட்களை வைத்திருக்கக் கூடிய ஓர் அயலவரிடம் மட்டும் போகும், அவர் தனக்குத் தெரிந்த நெருக்கமானவரிடம் கடத்துவார். முட்டுச் சந்து வந்தால் திரும்பி வந்து வேறு வழி தேடும். ஊரில் ஒரு பழைய கிதாபைத் தேடுவது போலத்தான். அந்தப் பக்கத்து மனிதருக்குத் தெரிந்திருக்கும் என்று ஒருவரிடம் கேட்போம், அவர் இன்னொருவரைக் காட்டுவார்.

பொருள் கிடைத்தால் வந்த வழியிலேயே திரும்பும். நடுவில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு பிரதியைத் தம்மிடம் வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே ஒன்றை அதிகம் பேர் கேட்டால் அது அதிக இடங்களில் பரவும். அழிக்க நினைப்பவன் அது எங்கே இருக்கிறது என்று தேடினால், அந்தத் தேடலே இன்னும் சில பிரதிகளை உண்டாக்கிவிடும்! நடுவில் உள்ளவர் விரும்பினால் "இதன் மூலம் நான்தான்" என்று பொய் சொல்லவும் ஏற்பாடு இருந்தது. கை மாறிய எண்ணிக்கையையும் பூச்சியத்தில் தொடங்காமல் எழுந்தமானமான ஒரு சிறு எண்ணில் தொடங்கச் செய்தார்கள். நுட்டெல்லாவின் மூலைக் குறிப்பு இங்கே பொய்க் குறிப்பாகிவிட்டது.

பிற்காலப் பதிப்புகளில் கோரிக்கை 18 என்ற எண்ணோடு கிளம்பும், கை மாறக் மாறக் குறையும். 18ஐப் பார்த்தவுடன் இவர்தான் கேட்டவர் என்று சொல்லிவிடக் கூடாதே. அதனால் 18இல் இருக்கும்போது சில வேளை குறைப்பார்கள், சில வேளை குறைக்காமலே கடத்துவார்கள்.

எல்லாம் சரி. ஆனால் ஃப்ரீநெட்டில் பெரிய கோப்பை முழுதாக அனுப்புவதில்லை, 32 கிலோபைட் துண்டுகளாக வெட்டுகிறார்கள். ஒரு நடுத்தரமான காணொளிக்கே ஆயிரக்கணக்கில் துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கோரிக்கை. அதாவது ஒரே கையெழுத்தில் ஆயிரம் சீட்டு! பலவீனம் அங்கேதான் இருந்தது.

நாமே ஓர் உதாரணக் கணக்கைப் போடுவோம். உங்கள் அயலவருக்கு 10 அயலவர்கள், அதில் நீங்கள் ஒருவர். அவரே 1000 துண்டுகளைக் கேட்டால், ஏறத்தாழ 100 கோரிக்கை உங்களிடம் வரும். அவர் கேட்கவில்லை, அவருக்குப் பின்னால் உள்ள ஒருவர் கேட்டார் என்றால், அவருக்கே 100தான் கிடைத்திருக்கும், அதில் உங்களுக்கு வருவது 10 அளவில். நூறா, பத்தா? எண்ணிப் பார்த்தால் கேட்டவரா கடத்தியவரா என்று ஊகித்துவிடலாம். 2020இல் இந்த வழியை ஒரு சட்ட விசாரணைக்கு ஏற்ற முறையாக விரிவாக வெளியிட்டவர்களில் இருவர் பிரையன் லெவினும் மத்தியூ ரைட்டும். 18 வருடங்களுக்கு முன் எச்சரித்த அதே ஆட்கள்.

இந்த முறை எதற்காக உருவானது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிறுவர் துஷ்பிரயோகப் படங்களைத் தேடுபவர்களைப் பிடிப்பதற்காக. அமெரிக்காவில் பொலிஸார் பாவித்தார்கள், வீடுகளைச் சோதனையிட ஆணை பெற்றார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் நமக்கு அந்தக் குற்றவாளிகள் மீது துளி இரக்கமும் இல்லை. அதே நேரம் 2016இலேயே ஃப்ரீநெட் குழுவினர், பொலிஸார் பாவித்த அன்றைய கணக்கு பிழையானது, கடத்தியவரையும் கேட்டவராகக் காட்டக் கூடியது என்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். லெவின் குழுவினரோ தமது முறையில் பிழை ஏற்படும் வீதம் மிகக் குறைவு என்று வாதிட்டார்கள். இரண்டு பக்கமும் படித்தபோது நமக்கு அந்த 66 வயதுப் பெண்மணிதான் ஞாபகத்துக்கு வந்தார். கசா வழக்கென்றால் பணத்தோடு போய்விடும். இந்தக் குற்றச்சாட்டில் பொலிஸ் வாகனம் வீட்டு வாசலில் நின்றாலே போதும், பிறகு நிரபராதி என்று தெரிந்தாலும் அந்தக் குடும்பம் ஊரில் தலை நிமிர முடியாது.

கணக்குக்கு எது குற்றம் எது உரிமை என்று தெரியாது. இதே எண்ணும் வேலையை ஓர் அரசாங்கம் ஓர் ஊடகவியலாளர் மீதும் செய்யலாம்.

இதற்கு ஃப்ரீநெட்காரர்கள் முன்கூட்டியே ஒரு மாற்று வைத்திருந்தார்கள். 2008இல் வந்த 0.7 பதிப்பில், அந்நியர்களோடு இணையாமல் நேரில் அறிந்து நம்பும் ஆட்களின் கணினியோடு மட்டும் இணைய வழி செய்தார்கள். ஒற்றன் உங்கள் அயலவனாக வந்து உட்கார வேண்டுமானால் முதலில் உங்கள் நண்பனாக வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் அதைப் பாவிக்கும் நண்பர்கள் ஐந்தாறு பேர் யாருக்கு இருக்கிறார்கள்? பெரும்பாலானோர் அந்நியர்களோடு இணையும் சுலப வழியிலேயே இருந்தார்கள். 2023இல் கிளார்க் ஃப்ரீநெட் என்ற பெயரைத் தமது புதிய திட்டத்துக்கு எடுத்துக்கொள்ள, பழையது ஹைஃபனெட் என்ற பெயரில் தொடர்கிறது.

பிட்கொயின் வந்த பிறகு இதே கேள்வி வேறு உருவில் எழுந்தது. ஒரு கொடுக்கல் வாங்கலை முதலில் அறிவித்த கணினி எது என்று பல இடங்களில் காதை வைத்துக் கேட்டுக் கண்டுபிடிக்கலாம். 2017இல் வந்த 'டென்டலயன்' முறை, செய்தியை முதலில் ஒற்றை வரிசையில் இரகசியமாகச் சில கை கடத்தி, பிறகு எங்கோ ஓரிடத்தில் இருந்து எல்லோருக்கும் பரப்பியது. முதலில் தண்டு, பிறகு காற்றில் பறக்கும் விதை. பிட்கொயின் அதை எடுத்துக்கொள்ளவில்லை, மொனேரோ 2020இல் எடுத்துக்கொண்டது.

எழுதி முடிக்கும்போது ஒன்று மனதை உறுத்துகிறது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை என்ற பொய்க் கதை எப்படிப் பரவியது? எல்லோரும் கடத்தியவர்கள், எழுதியவன் யாரென்று தெரியாது. எரிந்தது நமது கடைகளும் பள்ளியும். சீட்டின் மறைவு நமக்கு எதிராகவும் வேலை செய்ததை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். அதற்கு அடுத்த மாதமே தடையைத் தாண்டிக் குடும்பத்தைத் தேட அதே மறைவைத்தான் நாமும் நாடினோம். இதில் எந்தப் பக்கம் நிற்பது என்று கேட்டால் நம்மிடம் இன்னும் ஒரு வரிப் பதில் இல்லை.

கணக்கில் பிழை இருந்தால் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் ஆசிரியர்கள் தயவுசெய்து சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்வோம். அடுத்த பதிவில் வெங்காயத் தோல் கதை, இன்ஷா அல்லாஹ்.